காய்ச்சல் எந்த வழியாக வருகிறது? தொற்றுநோய்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தமிழ்நாட்டில் தெருவுக்கு நாலு வீட்டில் யாராவது படுத்துவிடுகிறார்கள். டெங்குவா, டைஃபாய்டா, வெறும் சளிக்காய்ச்சலா என்று எல்லோரும் பெயரைத்தான் கேட்கிறோம். மருந்து எழுத டாக்டருக்குப் பெயர் வேண்டும். வீட்டில் மற்றவர்கள் தப்பிப்பதற்கோ கிருமி எந்த வழியாக உள்ளே வந்தது என்று தெரிந்தாக வேண்டும். காற்றில் வரும் நோய்க்குத் தட்டு, டம்ளரை ஒதுக்கி வைப்பதும், கொசுவால் வரும் நோய்க்கு முகக்கவசம் தேடுவதும் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. அதனால் கீழே வரும் பதில்களில் பரவும் வழிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் என்ன வித்தியாசம்?

பாக்டீரியா ஒரே செல்லால் ஆன முழு உயிர். தானே உணவு எடுத்து, தானே இரண்டாகப் பிரிந்து பெருகும். மண்ணிலும் நீரிலும் நம் குடலிலும் கோடிக்கணக்கில் இருக்கிறது. அதில் பெரும்பாலானவை நமக்குக் கெடுதல் செய்வதில்லை, குடலில் இருப்பவை நன்மையே செய்கின்றன. வைரஸ் அதைவிட மிகச் சிறியது. சாதாரண நுண்ணோக்கியில்கூடத் தெரியாது. மரபணுவும் அதைச் சுற்றி ஒரு புரத உறையும்தான் அதன் உடம்பு. தனியாக இருந்தால் அதனால் பெருக முடியாது. நம் செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லையே வேலை வாங்கித்தான் பெருகும்.

ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பாக்டீரியாவுக்கே உரிய உறுப்புகளைத் தாக்குகின்றன. பெனிசிலின் அதன் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும். வைரஸுக்குச் செல்சுவரே கிடையாது. அப்புறம் அந்த மாத்திரை எதைத் தாக்கும்?

மலேரியா இந்த இரண்டிலும் சேராது. அது ஒட்டுண்ணியால் வருவது, அதற்கு மருந்தும் வேறு.

"வைரல் ஃபீவர்" என்று சொல்லி வெறும் பாராசிட்டமால் மட்டும் எழுதி அனுப்புகிறாரே டாக்டர்?

நல்ல டாக்டர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சளி, இருமல், சாதாரண ஃப்ளூ போன்றவற்றை உடம்பே சில நாளில் அடக்கிவிடும். அதுவரை காய்ச்சலைக் குறைத்து, தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். ஒரே நாளில் எழுந்து வேலைக்குப் போக வேண்டும் என்று ஊசி கேட்டு வாங்குகிறவர்கள் அதிகம். நாலாம் நாள் காய்ச்சல் தானாக இறங்கியதும் பெயர் ஊசிக்குப் போய்விடுகிறது.

வைரஸ் நோய் எதற்குமே மருந்து இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர், சின்னம்மைக்கும் அக்கிக்கும் அசைக்ளோவிர் இருக்கின்றன. இவை ஆரம்பத்திலேயே கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். யாருக்குத் தேவை என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மழையில் நனைந்தால் சளி பிடிக்குமா?

கிருமி இல்லாமல் மழை மட்டும் சளியைக் கொண்டுவராது. மழை நாட்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் அடைந்து கிடக்கிறோம். பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியை மூடிக்கொண்டு போகிறோம். ஒருவர் இருமினால் பத்துப் பேர் அந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஃப்ளூ வந்தவர் தனக்கு அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்கிவிடுவார், அதன்பிறகு ஐந்தாறு நாள் வரை பரப்புவார். சாதாரண சளியைத் தரும் ரைனோ வைரஸ் கைகள் வழியாகவும் போகும். மூக்கைத் துடைத்த கையால் கதவைத் திறக்கிறார், அதே கைப்பிடியைத் தொட்ட நீங்கள் கண்ணைக் கசக்குகிறீர்கள். இருமும்போது உள்ளங்கையால் வாயை மூடுவதைவிட முழங்கை மடிப்பால் மூடச் சொல்வது இதற்காகத்தான்.

டெங்கு வந்தவரைத் தொட்டால் நமக்கும் வருமா?

வராது. பக்கத்தில் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். ஆனால் அவரைக் கடித்த கொசு சும்மா இருக்காது. ஏடிஸ் எஜிப்டி என்ற கொசு நோயாளியின் ரத்தத்தைக் குடித்தபின் வைரஸ் அதன் உடம்புக்குள் பெருகி எச்சிலுக்கு வர ஏறக்குறைய 8 முதல் 12 நாள் ஆகும். அதற்குப் பிறகு, சாகும்வரை அது கடிக்கிற ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே போகும். ஆகவே காய்ச்சல் வந்தவர்தான் முதலில் கொசுவலைக்குள் படுக்க வேண்டும், பகலிலும்கூட. ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. காலையிலும் மாலை இருட்டுவதற்கு முன்பும் அதன் வேட்டை அதிகம். ராத்திரி மட்டும் கொசுவர்த்தி ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தால் போதாது.

சாக்கடையை மட்டும் குறை சொல்வதையும் நிறுத்த வேண்டும். ஏடிஸுக்குச் சாக்கடை பிடிக்காது, தேங்கி நிற்கும் தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். குடிதண்ணீர் பிடித்து வைத்த டிரம், சிமென்ட் தொட்டி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், மொட்டைமாடியில் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை என்று எதுவானாலும் அதற்குச் சம்மதம். டிரம் தண்ணீரை டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் பட்டதும் நெளிந்து கீழே இறங்கும் புழுக்கள் தெரிந்தால் அவை கொசுப்புழுக்கள். முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

நிறையப் பேர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் உள்சுவரில் ஒட்டிவைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரித்துவிடும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உள்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷோ போட்டுத் தேய்த்துக் கழுவி, மூடி போட்டு வைக்க வேண்டும். மூடி பொருந்தாவிட்டால் பழைய வேட்டித்துணியை இழுத்துக் கட்டலாம். டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் வாசலில் வந்து நின்றால் "எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி அவர்கள் செய்யும் வேலைக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, கதவைத் திறந்து டிரம்மைக் காட்டுவது.

சிக்குன்குனியாவையும் இதே கொசுதான் பரப்புகிறது. 1964-இல் சென்னையில் பெரிய அளவில் வந்தது. பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஓய்ந்திருந்து, 2005, 2006-இல் தென்னிந்தியாவையே மூட்டுவலியால் முடக்கியது.

பிளேட்லெட் குறைகிறது என்றார்கள். பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

டெங்குவில் பயப்பட வேண்டியது பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) எண்ணிக்கைக்கு மட்டுமல்ல. ரத்தக்குழாய்களில் இருந்து நீர் கசிந்து வெளியேறி, ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் இறங்குவதில்தான் பெரிய ஆபத்து. அது பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற சமயத்தில், நோய் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வரும். வீட்டில் "காய்ச்சல் விட்டுவிட்டது, இனிக் கவலையில்லை" என்று மூச்சு விடும் அதே நேரம்! அப்போது விடாத வயிற்றுவலி, தொடர்ந்து வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப்போவது, குழந்தை துவண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பப்பாளிச் சாறோ நிலவேம்புக் குடிநீரோ குடிக்கிறவர்கள் அதை நம்பி இந்த நாட்களை வீட்டில் கழித்துவிடக் கூடாது, அவ்வளவுதான் நான் கேட்பது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுக்கலாம். ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரையும் ஊசியும் ரத்தக்கசிவை அதிகமாக்கும். உடம்புவலி தாங்காமல் மெடிக்கலில் "வலி மாத்திரை" கேட்டு வாங்குகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்து போனால் அந்த வகை மட்டும்தான் பிறகு நெருங்காது. வேறு வகை இரண்டாம் முறையாக வந்தால் நோய் கடுமையாக வாய்ப்பு கூடுதல்.

வெள்ளத்தில் நடந்தபின் காய்ச்சல் வந்தால்?

எலிக்காய்ச்சலை யோசிக்க வேண்டும். லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீரில் வெளியேறித் தேங்கிய நீரிலும் சேற்றிலும் கிடக்கும். காலில் உள்ள வெடிப்பு, சிராய்ப்பு வழியாக உள்ளே போகும். நாற்று நடுகிறவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், வெள்ளத்தில் மீட்பு வேலைக்குப் போகிறவர்களுக்கு அபாயம் அதிகம். கெண்டைக்கால் சதை கடுமையாக வலிப்பதும் கண் சிவப்பதும் இதன் குறிப்புகள். ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல் வரும் என்பதால், தண்ணீரில் நடந்ததை நாம்தான் டாக்டரிடம் ஞாபகமாகச் சொல்ல வேண்டும். சீக்கிரம் பிடித்தால் டாக்சிசைக்ளின் போன்ற சாதாரண மருந்தே போதும். விட்டால் கல்லீரல், சிறுநீரகம் வரை போய்விடும்.

உடம்பில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கிறது, காய்ச்சலும் விடவில்லை. என்ன அது?

ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். புதர், வயல்வரப்பு, புல்தரையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் ஓரியன்ஷியா என்ற பாக்டீரியா உள்ளே வருகிறது. கடித்த இடத்தில் வலியில்லாத கறுப்புப் பொருக்கு கட்டும். வலிக்காததால் யாருக்கும் தெரிவதில்லை. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்பில் துணி இறுக்கும் இடம், காதுக்குப் பின்னால் என்று ஒளிந்திருக்கும். அம்மாவுக்கோ பாட்டிக்கோ ஐந்து நாளாகக் காய்ச்சல் என்றால் கூச்சப்படாமல் நல்ல வெளிச்சத்தில் உடம்பு முழுக்கத் தேடிப் பாருங்கள். பொருக்கு கண்ணில் பட்டால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ இதைக் குணமாக்கும். கடுமையாகப் போனவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நல்ல பலன் தருகிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது.

டைஃபாய்டு அடிக்கடி வருகிறதே, உடம்பிலேயே தங்கிவிடுமா?

சிலருக்குப் பித்தப்பையில் தங்கும். நியூயார்க்கில் மேரி மாலன் என்ற சமையல்காரப் பெண்மணிக்கு நோயே தெரியாமல் கிருமி மட்டும் இருந்தது. அவர் சமைத்த பல வீடுகளில் டைஃபாய்டு வந்தது. 1907-இல் அவரைத் தனிமைப்படுத்தினார்கள். விடுவித்தபின் மறுபடி சமையல் வேலைக்கே போனதால் 1915-இல் மீண்டும் பிடித்தார்கள். 1938-இல் இறக்கும்வரை தனிமையிலேயே இருந்தார். டைஃபாய்டு மனிதர் மலத்திலிருந்து மனிதர் வாய்க்குத்தான் வருகிறது. நடுவில் தண்ணீரோ, ஐஸ்கட்டியோ, வெட்டி வைத்த பழமோ, கழுவாத கையோ இருக்கும்.

ஆனால் அடிக்கடி "டைஃபாய்டு" வருகிறது என்று சொல்கிற பலருக்கு வந்தது டைஃபாய்டே இல்லாமல் இருக்கலாம். டைஃபாய்டுக்காகச் செய்யும் வைடால் என்ற ரத்தப் பரிசோதனை பழைய தொற்றுக்கும் வேறு காய்ச்சலுக்கும்கூடப் பாசிட்டிவ் காட்டும். ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன் ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர்தான் நம்பகமானது. தடுப்பூசியும் இருக்கிறது.

மஞ்சள்காமாலை ஒட்டுமா?

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் வைரஸ்களில் எந்த வகை என்பதைப் பொறுத்தது. ஏ, இ இரண்டும் கெட்ட தண்ணீராலும் உணவாலும் வரும். கர்ப்பிணிகளுக்கு இ வகை உயிருக்கே ஆபத்தாகலாம், அவர்களை வீட்டு வைத்தியத்தில் வைத்திருக்கவே கூடாது. பி, சி இரண்டும் ரத்தம் வழியாக வரும். பி உடலுறவிலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் போகும். அதனால்தான் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி போடுகிறார்கள்.

வயிற்றுப்போக்குக்கு முதலில் என்ன கொடுக்க வேண்டும்?

ஓ.ஆர்.எஸ். கரைசல். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, குளுக்கோஸ் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் போட்டிருக்கிறதோ அவ்வளவில்தான் கலக்க வேண்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. மலத்தில் ரத்தம் வந்தால் டாக்டரைப் பாருங்கள்.

சானிடைசர் இதற்குப் போதாது. வயிற்றுப்போக்கைத் தரும் நோரோ வைரஸ் ஆல்கஹாலுக்கு அவ்வளவாக மசியாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் நல்லது.

வீட்டில் ஒருவருக்குக் காசநோய். தட்டு, டம்ளர், துணியைத் தனியாக வைக்க வேண்டுமா?

வேண்டாம். இந்தப் பழக்கம் நோயாளியின் மனதை நொறுக்குவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. காசநோய்க் கிருமி நுரையீரல் நோயாளி இருமும்போதும் பேசும்போதும் காற்றில் கலந்து மிதக்கிறது. அதை நீண்ட நேரம் சுவாசிக்கிறவர்களுக்குத் தொற்றுகிறது. தட்டில் இருந்து வராது, கை குலுக்கினால் வராது. ஜன்னலைத் திறந்து காற்றும் வெளிச்சமும் வர விடுங்கள், ஆரம்ப வாரங்களில் அவர் முகக்கவசம் போடட்டும். மருந்து சரியாக வேலை செய்தால் சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

இதை உலகத்துக்கு நிரூபித்தது சென்னைதான். ஒரு காலத்தில் காசநோய் என்றால் தாம்பரம் சானடோரியம் போன்ற இடத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சானடோரியத்திலும் இன்னொரு பிரிவுக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான சிறு வீடுகளில், குறைந்த சாப்பாட்டோடு இருந்தவர்கள். இருந்தும் இரண்டு பிரிவிலும் குணமானவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. வீட்டில் வைத்துப் பார்த்த குடும்பங்களில் மற்றவர்களுக்கு நோய் கூடுதலாக வரவும் இல்லை. 1959-இல் இந்த முடிவு வெளியான பிறகுதான் உலகம் முழுவதும் காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தும் வழக்கம் வேரூன்றியது. சேத்துப்பட்டில் அந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது. நம் ஊர் ஏழை நோயாளிகள் உலகத்துக்குக் கொடுத்த பாடம் இது. அதை நாமே மறந்துவிட்டு டம்ளரை ஒதுக்குவது வேதனையாக இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் நிறுத்துகிறவர்களுக்கு மருந்துக்கு அடங்காத காசநோய் வரும் அபாயம் அதிகம்.

மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமா?

பார்வையால் எந்தக் கிருமியும் வராது. கறுப்புக் கண்ணாடி வெளிச்சக் கூச்சத்துக்கு நல்லது, தொற்றைத் தடுக்காது. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருகிறது. கண்ணைத் தொட்ட கை, துண்டு, தலையணை உறை வழியாகப் பரவும். கைகளைக் கழுவி, துண்டைத் தனியாக வைத்தாலே பாதி தடுத்துவிடலாம். (இங்கே துண்டைத் தனியாக வைப்பதில் அர்த்தம் இருக்கிறது!) ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாக: மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து போடாதீர்கள்.

அம்மை போட்டால் மருந்து சாப்பிடக் கூடாதா?

சாப்பிடலாம். வாசலில் வேப்பிலை செருகி, வெளியாட்களை உள்ளே விடாமல் வைக்கும் வழக்கத்தை நான் மதிக்கிறேன், நோயாளியை ஒதுக்கி ஊரைக் காப்பாற்றும் நல்ல ஏற்பாடு அது. சின்னம்மை கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கி, எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை பரவும். ஆனால் பெரியவர்கள், கர்ப்பிணிகள், பச்சைக்குழந்தைகளுக்கு அது நுரையீரல் வரை போகும். அவர்களை மருந்தில்லாமல் வைத்திருப்பது தெய்வத்துக்கும் சம்மதமாக இருக்காது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் மட்டும் ஆகாது.

சின்னம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து வயதான காலத்தில் அக்கியாக வரும். காவி எழுதிக்கொள்ளப் போகிறவர்கள் மூன்று நாளுக்குள் டாக்டரையும் பார்த்துவிட்டால் பிறகு வரும் நரம்புவலியைக் குறைக்க வாய்ப்புண்டு.

தட்டம்மை வேறு. நோயாளி அறையை விட்டுப் போனபிறகும் இரண்டு மணி நேரம் வரை அதன் வைரஸ் காற்றில் இருக்கும். அரசு போடும் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசியின் இரண்டு தவணையையும் தவறவிடாதீர்கள்.

நாய் லேசாகக் கீறியது. ஊசி தேவையா?

தேவை. ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை, ஊசியை உடனே ஒழுங்காகப் போட்டால் சாவு ஏறக்குறைய முழுக்கத் தடுக்கப்படும். முதலில் குழாயைத் திறந்துவிட்டு சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதுவும் வேண்டாம். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தையும் காயத்தில் போட வேண்டும். வீட்டு நாய், குட்டி நாய் என்று விட்டுவிடக் கூடாது. நாள் தவறாமல் எல்லாத் தவணையும் போட்டு முடிக்க வேண்டும்.

எச்.ஐ.வி. உள்ளவரோடு ஒரே வீட்டில் இருக்கலாமா?

தாராளமாக. தொடுவது, சேர்ந்து சாப்பிடுவது, கழிப்பறை, கொசு எதனாலும் வராது. பாதுகாப்பற்ற உடலுறவு, ரத்தம், பகிர்ந்த ஊசி, தாயிடமிருந்து குழந்தை என்பவைதான் வழிகள். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்த காலத்தில் மருந்தே இல்லை. இன்று தினமும் மாத்திரை எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலமாகக்கூடப் பரவுவதில்லை.

போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக்கை இப்போது போடலாமா?

கூடாது. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங்கே 1945-இல் நோபல் உரையில் இதை எச்சரித்தார்: அரைகுறை அளவில் எடுத்தால் கிருமி சாகாமல் மருந்தைத் தாங்கப் பழகிவிடும். அப்படிப் பழகிய கிருமி உங்களோடு நிற்காமல் வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் போகும். இந்தியாவில் பல ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டில்லாமல் விற்பது சட்டப்படி தவறு. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள், மெடிக்கல்காரர் கொடுத்தாலும்.

எப்போது காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

மூச்சு வாங்கினால், வலிப்பு வந்தால், பேச்சு குழறினால் அல்லது ஆள் தெரியாமல் உளறினால், கழுத்து விறைத்தால், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், எங்கிருந்தாவது ரத்தம் வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும் அவசரம்தான். மற்றவர்களுக்கு மூன்று நாளில் விடாத காய்ச்சல் என்றால் பரிசோதனை செய்ய வேண்டும். போகும்போது காய்ச்சல் தொடங்கிய தேதி, போட்ட மாத்திரைகளின் அட்டை, வெள்ளத்தில் நடந்தது, வயலுக்குப் போனது, வெளியூர்த் தண்ணீர் குடித்தது, தெருவில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.